நூல் கட்சி, குழாய் கட்சி

அதுக்கில்லங்க, குழந்தையோட சொந்த அத்தையைப் போய் வெளியில உக்காருன்னா எப்பிடி இருக்கும்? ஆபரேஷனுக்கு முன்னாடி குழந்தைகூட ரெண்டு பேருக்கு மேல உள்ள கூடாதாம். சரி, அந்த ரெண்டுல ஒண்ணு நானா இருக்கக் கூடாதா? என் தம்பி உள்ள போயி என்னத்தக் கிழிக்கப் போறான், அவனே ஊசியைப் பாத்தா மயங்கி விழுற ஆளு! கொஞ்சம் தள்ளுங்க சார்... ஹப்பா. டீயைக் குடிங்க, ஆறிடப் போவுது. உங்களுக்கு உள்ள யாரு?... ம்? சும்மா தலையை ஆட்டுறீங்க. சரி விடுங்க, எனக்கெதுக்கு அடுத்தவங்க கதை. அது என்ன பாக்கெட்ல பச்சைத் துணி, கண்ணாடி தொடைக்கவா? நல்லதுதான்.

எங்களது எட்டு மாசக் குழந்தை சார். பொண்ணு. கண்ணுல அழுத்தம், க்ளாக்கோமாங்கிறாங்க. அதெல்லாம் வயசானவங்களுக்குத்தான் வரும்னு நெனச்சிட்டிருந்தோம், இவளுக்குப் பொறக்கும்போதே இருந்திருக்கு! கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்குமாமே, அது வடியிற வழி இவளுக்குச் சரியா தொறக்கவே இல்லியாம். தண்ணி சேரச் சேர பிஞ்சுக் கண்ணு பெருசாவுது. நாங்க என்னத்தக் கண்டோம்? அடேயப்பா என்னா பெரிய கண்ணுன்னு போறவங்க வர்றவங்க எல்லாம் கொஞ்சுனாங்க. எங்க வீட்டுக் கண்ணுன்னு நான் சொல்ல, இல்ல எங்க வீட்டுக் கண்ணுன்னு தம்பி மாமனார் சொல்ல, ஒரே சண்டை. டாக்டர் விஷயத்தைச் சொன்னாரு பாருங்க... அன்னைலேர்ந்து அந்தக் கண்ணுக்கு ரெண்டு வீட்டுலயும் சொந்தக்காரங்களே இல்ல!

வெளிச்சம் பட்டா கண்ணை இறுக்கி மூடிக்குவா சார். தண்ணியா ஊத்தும். புள்ளை வெக்கப்படுதுன்னு சிரிச்சோம். அதுவும் இந்த அழுத்தத்தாலதானாம். அழுத்தத்தை இப்பவே கொறைக்கலேன்னா பார்வை போயிடுமாம், போனது திரும்பாதாம்.

சரி ஆபரேஷன்னு ஆச்சா, எந்த ஆபரேஷன்னு ஆரம்பிச்சுதுங்க அடுத்த கூத்து. நாலு விதம் இருக்காம்! கண்ணு முன்பக்கமா பாத்துக்கிட்டே உள்ளாற சின்னதா கீறி அடைப்பை எடுக்கிறது ஒண்ணு. அது லேசானது, ஆனா கருவிழி தெளிவா இருந்தாத்தான் முடியும். இவளுக்குப் பனி மூடுன கண்ணாடி மாதிரி மங்கிக் கெடக்கு, அதனால அது கிடையாது. ரெண்டாவது, வெளிப்பக்கமா வந்து அந்த வழியைத் தேடிப் புடிச்சு, நூலை உள்ள விட்டு இழுத்துத் தொறக்கிறது. மூணாவது, வெள்ளை விழியில புதுசா ஒரு வாசல் வெட்டி விடுறது. அது நல்லதாச்சேன்னேன். குழந்தைங்களுக்குப் புண்ணு சீக்கிரம் ஆறிடுமாம், வாசலும் சேந்து மூடிக்குமாம். பாருங்க கொடுமையை, ஆறுறதே ஆபத்து! நாலாவது, ஒரு பொடிக் குழாயை வச்சுத் தண்ணியை வெளிய எடுக்கிறது.

நான் தையக்காரி. நூல்னு காதுல விழுந்ததும், அதான் சரின்னுட்டேன். தம்பி மாமனார் மோட்டார் பம்பு ரிப்பேரு பண்றவரு. விடுவாரா? குழாய்தான் சம்மந்தியம்மா கடைசி வரைக்கும் நிக்கும்னாரு. நூல் கட்சி, குழாய் கட்சின்னு வீடே ரெண்டா பிரிஞ்சுபோச்சு. சோத்துத் தட்டை வச்சிக்கிட்டு வாதம்! கடைசில பெரிய டாக்டர் சொல்லிட்டாரு, மொதல்ல நூல், அது கேக்கலேன்னா பின்னாடி குழாய்னு. அந்த மொதப் பாதியோட நான் எந்திரிச்சி வந்துட்டேன் சார். தம்பி மாமனார் மூஞ்சியைப் பாக்கணுமே!

ஜெயிச்சு என்ன புண்ணியம், காலைலேர்ந்து காக்க வச்சுட்டாங்க. உள்ள ஒரு ஆபரேஷன் முடியணுமாம், அடுத்தது நாங்கதான். புள்ளை கத்து கத்துன்னு கத்துறா. ராத்திரியிலேர்ந்து பட்டினி. வெறும் வயிறா இருக்கணும்னு ஒரு சட்டம்! நானும் தெரியாமத்தான் கேக்கறேன், கண்ணுல பண்ற ஆபரேஷனுக்கு வயிறு என்ன பாவம் பண்ணுச்சு? தம்பி பொண்டாட்டி ஆட்டிப் பாத்தா, தம்பி பொம்மை காட்டினான், ம்ஹூம். அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடப் போன நேரத்துல நான் வாங்கினேன் பாருங்க... கப்சிப்! திரும்பி வந்தவங்க அசந்துபோயிட்டாங்க. அத்தை கை ராசி கைன்னு தம்பி சொல்றான். கையாவது ராசியாவது... சிரிக்காதீங்க, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்சப்புறம் குடுக்கன்னு பால் கலந்து வச்சிருந்தாங்க. கால் பாட்டில்தான் சார்! உறிஞ்சிட்டு, ஒரு ஏப்பம் விட்டுட்டு, தூங்கிட்டா தங்கம்.

என்ன சார்? எப்பவா? இப்பதான்... நர்ஸம்மா சட்டை மாத்த வந்தாங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஏன் எந்திரிக்கிறீங்க? ஐயோ டீ! டீ கொட்டுது பாருங்க! சார், அந்தப் பக்கம் போகக் கூடாது, அது டாக்டருங்க போற கதவு... அந்தப் பச்சைத் துணியை எதுக்குத் தலைல மாட்டுறீங்க...

மயக்க ஊசி டாக்டரா நீங்க!

என்னது? மயக்கத்துல பால் மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுமா? இந்தக் குழாயைப் பத்தி யாருமே எங்கிட்ட சொல்லலியே! டாக்டர், நில்லுங்க! இன்னைக்கு வேணாம், நாளைக்கே பண்ணுங்க, தள்ளிப் போடுங்க! ஆனா பால் குடுத்தது யாருன்னு என் தம்பி பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க... கதவை மூடாதீங்க டாக்டர்! சரி சரி, சொல்லிடுங்க! நாந்தான்னே சொல்லிடுங்க! எல்லாரும் என்னைத் திட்டட்டும். அந்தப் புள்ளையும் வளந்து வந்து திட்டட்டும்... என் மூஞ்சியை நல்லா உத்துப் பாத்துத் திட்டட்டும்!