சுரண்டிய வரி

— தலையை ஆட்டாதே ஐதா. பின்னல் கோணிப்போகும்.

— நீ இழுக்கிற இழுப்புல தலையே கழண்டு வந்துடும் போலிருக்கு, கெர்லிந்தா அக்கா.

— நாளைக்குக் கல்யாணப் பொண்ணு. கொஞ்சம் வலிக்கட்டும், தாங்கிக்கோ.

— கோவம் என் மேலயா, முடி மேலயா?

— எனக்கென்னடி கோவம்? ராணி பெத்த மூத்தவ நான், இந்த அரண்மனையிலயே கிடக்கிறேன். நெசவுக்கூடத்து வேலைக்காரி பெத்தவ நீ, ரைன் ஆத்தைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போற. சந்தோஷமா இருக்கேன்டியம்மா, ரொம்பச் சந்தோஷம்.

— ஆ... காது, அக்கா.

— எனக்கு மூணு பேர் கேட்டு வந்தாங்க. மூணு பேருக்கும் மான்கறி விருந்து போட்டு அனுப்பி வெச்சார் அப்பா. வெரிங்கர் நாலாவது. பதினோரு வருஷமா அப்பாவோட குதிரைங்களைப் பாத்துக்கிட்டு, என் ஜன்னலையும் பாத்துக்கிட்டு நிக்கிறான். தாடியில நரை வந்தாச்சு. வாயைத் திறந்தான்னா அவன் தலை இருக்காது.

— தெரியும்.

— "என் வீட்டுப் பொண்ணு எவளும் இன்னொருத்தன் வீட்டுக்குப் போகமாட்டா, மருமகன் வந்தா ராஜ்யத்துல பங்கு கேப்பான்"னு புனிதரோட எலும்புப் பேழை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணின மனுஷன். உனக்கு மட்டும் எப்படி மாறினார்? என்ன மந்திரம் போட்ட?

— மாறல. சத்தியம் அப்படியேதான் இருக்கு.

— கதை விடாதே.

— நேத்து வம்சப் புத்தகத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாங்க.

— ஞாயித்துக்கிழமை பூசையில நம்ம பேரெல்லாம் படிப்பாரே பாதிரியார், அதா?

— அதேதான். கொள்ளுத்தாத்தா, தாத்தா, நம்ம அண்ணன்மார், அப்புறம் பொண்ணுங்க. பாதிரியார் சின்னக் கத்தியை எடுத்து என் பேரைச் சுரண்டினார். தோல் ஏடு இல்லையா, சுலபமா வந்துடுச்சு. ஊதினார். தூசி என் பாவாடையில வந்து விழுந்தது.

— ஐதா...

— இப்ப நான் அவர் வீட்டுப் பொண்ணு இல்ல. எனக்குப் பொறக்கிறது அவருக்குப் பேரப்பிள்ளை இல்ல. நான் செத்தாக்கூட எனக்காக இங்க ஒரு ஜெபம் கிடையாது. சத்தியம் மீறாமலே எனக்குக் கல்யாணம், பாரு.

— அப்பா அழுதாரா?

— ஒரு கை நாய் தலையைத் தடவிக்கிட்டிருந்தது.

— இன்னொரு கை?

— உன் பேர் மேல. எனக்கு மேல் வரி உன்னோடதுதானே. கத்தி வழுக்கி உன் பேர்ல பட்டுடக்கூடாதுன்னு உள்ளங்கையால மூடிக்கிட்டார். "கெர்லிந்தா பத்திரம்"னார். அவ்வளவுதான் பேசினார்.

— எங்கிட்ட யாரும் சொல்லலையே.

— பொறாமை உனக்கு மட்டும்தான்னு நெனச்சியா? வேட்டைக்குக் கிளம்பினா உன் குதிரை அவர் பக்கத்துல. நான் சமையல் வண்டியில, வெங்காய மூட்டை மேல. அந்தக் கையை ஒரே ஒரு தடவை என் பேர் மேல வெச்சிருந்தார்னா, நான் இந்த ஊரை விட்டே போகமாட்டேன் அக்கா.

— திரும்பு. நாடாவைக் கொடு.

— இப்ப மட்டும் வலிக்காமப் பின்னுறியே.

— மத்தியானச் சாப்பாடு ஆச்சுல்ல, அப்பா படுத்துட்டாரா?

— நான் இங்க வரும்போதே செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தார். கோயில் மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டார். ஏன்?

— அப்ப என் பேரை மூடின அந்தக் கையும் தூங்கும். பாதிரியார் அந்தப் புத்தகத்தையும் சுரண்டுற கத்தியையும் எங்க வெப்பார், சொல்லு.