மயில்வாகனத்தாரின் இரும்பு ஆணி

— மெல்லத் தேய் மலர்... தோள்மூட்டு கழண்டு உன்ர கையிலை வரப் போகுது.

— வந்தால் மூலையிலை எடுத்து வைக்கிறன். ஆடாமல் இருங்கோ, எண்ணெய் சூடாறப் போகுது.

— நோகுதெண்டால் உனக்குச் சிரிப்பு.

— உழவு மிசினோடை குளத்துக்குள்ளை குதிச்ச ஆளுக்கு நோகாமல் என்ன செய்யும்?

— குதிச்சனானோ? எருமைக்கன்று குறுக்கை வந்தது. மிசினை ஒரு பக்கம் வெட்டித் திருப்பினன். குளக்கட்டின்ர விளிம்பு இடிஞ்சு மிசின் சரிஞ்சுது. நான் என்ன செய்ய?

— நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. "அம்மா" எண்டு கத்தினது மட்டுந்தான்.

— அது வற்றாப்பளை அம்மாளைக் கூப்பிட்டது.

— அம்மாளை ஆரும் அப்பிடிக் கூப்பிடுறேல்லை. பெத்த மனிசியைத்தான் கூப்பிட்டியள். மிசினுக்குப் பின்னாலை கொழுவின பெட்டிக்குள்ளை இருந்த ஒன்பது பேரும் கேட்டனாங்கள்.

— ஒன்பதும் செவிடாப் போயிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

— நாளைக்கு நாத்து நடுற வயலெல்லாம் இந்தக் கதைதான். பத்மாசனி அக்கான்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு தவராசா கரையேறினவராம் எண்டு...

— நீயும் சீலை கட்டிக்கொண்டுதானே நிண்டனி? நீ ஏன் தலைப்பை எறியேல்லை?

— எனக்குக் கை வரேல்லை. காலும் வரேல்லை.

— ம்... கரைக்கு ஏறினவுடனை உங்களைத்தான் எண்ணினனான். எட்டுத்தான் வந்தது. திருப்பி எண்ணினால் ஒன்பது.

— முதல் எண்ணேக்கை ஆரை விட்டனீங்கள்?

— உன்னைத்தான். நீ பெட்டிச் சில்லுக்குப் பின்னாலை குந்திக்கொண்டு இருந்தாய்.

— கட்டின பெண்சாதியை எண்ணாமல் விட்ட ஆளுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கொண்டிருக்கிறன் பாருங்கோ.

— பகிடியை விடு. மிசினோடை பெட்டியும் வந்திருந்தால், இண்டைக்கு எண்ண ஆக்கள் இருந்திராது. ரெண்டையும் கொழுவிற ஆணி உடைஞ்சபடியால் நீங்கள் குளக்கட்டிலை நிண்டியள்.

— ஓம்... அம்மாள்தான் காப்பாத்தினவா. வாற திங்கள் பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு கொத்து அரிசி போடுறதெண்டு கதைச்சனாங்கள்.

— ஆணிக்கும் ஒரு பிடி வையுங்கோ. மயில்வாகனத்தார் என்ன சொன்னவர் தெரியுமே? அவரின்ர மிசின் தண்ணிக்குள்ளை கிடக்கு, என்னை உதைக்கப் போறார் எண்டு நினைச்சன். மனிசன் தலையிலை கையை வைச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டார். பிறகு சொல்லுறார், "தவராசா, பிழை உன்னிலை எண்டால் இனி என்ர மிசினிலை உன்னை ஏற விடமாட்டன். ஆனால் அந்த ஆணி ஒன்பது குடும்பத்தைக் காப்பாத்திப்போட்டுது. உடைஞ்ச துண்டைக் கொண்டு வா, அம்மாளின்ர காலடியிலை வைக்கோணும்" எண்டு.

— நீங்கள் என்ன சொன்னியள்?

— தண்ணிக்குள்ளை போச்சுது எண்டன்.

— ரெண்டு துண்டுமோ?

— ரெண்டு துண்டும்... ஏன் தேய்க்கிறதை விட்டிட்டாய்?

— எண்ணெய் முடிஞ்சுது.

— போத்திலிலை அரைவாசி கிடக்கு.

— கண்ணிலை படேல்லை.

— காலமையே கேக்கோணும் எண்டிருந்தனான். மற்றவை பாட்டுப் படிச்சுக்கொண்டு வருகினம். நீ முன்பலகையைப் பிடிச்சபடி கீழை கீழை பார்க்கிறாய். வாய் முணுமுணுக்குது.

— தேவாரம் சொன்னனான்.

— நாத்து நடப் போகேக்கையோ? கோயிலுக்குப் போனாலே நீ பக்கத்திலை நிக்கிறவளின்ர தோட்டைத்தான் பார்ப்பாய்.

— உங்கட ஓட்டம் அப்பிடி. தேவாரம் தன்பாட்டிலை வருகுது.

— பள்ளத்துக்குப் பள்ளம் "மெல்லப் போங்கோ, மெல்லப் போங்கோ" எண்டும் கத்தினாய். மற்ற நாளெல்லாம் "என்ன, மாட்டு வண்டிலோ ஓடுறியள்?" எண்டு நக்கலடிக்கிறவள்.

— நான் சொன்னபடி மெல்லப் போயிருந்தால் எருமைக்கன்றைக் கண்டிருப்பியள்.

— அதுவும் சரிதான்.

— சரிதானே? விடுங்கோ. தேத்தண்ணி வைக்கப் போறன்.

— விறகு கொத்தித் தரவோ?

— இந்தத் தோளோடையோ? பேசாமல் இருங்கோ.

— கொத்தவும் ஏலாது. கோடாலித் தலை மட்டும் கோடிப்பக்கம் கிடக்கு. பிடியைக் காணேல்லை.

— அது... உளுத்துப்போச்சு. அடுப்பிலை வைச்சிட்டன்.

— பாலைமரப் பிடி. போன மாசம் நான் செதுக்கினது.

— கறையான்.

— பாலையைத் திண்ட கறையானுக்குப் பல்லு எப்பிடி இருக்கும்?

— என்னை ஏன் கேக்கிறியள்? கறையானைக் கேளுங்கோ.

— சரி, கேப்பம். சிவலை நாம்பன் எங்கை? சத்தத்தைக் காணேல்லை.

— பின்னுக்குக் கட்டிக் கிடக்கு.

— இண்டைக்குக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகேல்லையோ? கிழமைக்கு நாலுதரம் மயில்வாகனத்தாற்றை நாத்துமேடைக்குள்ளை நிக்கிற மாடு.

— அதுக்குத்தானே மனிசன் ஏசினவர். இன்னொருக்கால் கண்டால் பிடிச்சு அடைச்சுப்போடுவன் எண்டு. அதாலை இறுக்கிக் கட்டினனான்.

— எதிலை?

— ...கட்டையிலை.

— நல்ல கட்டைபோலை.

— இஞ்சாருங்கோ... ஆணி தண்ணிக்குள்ளை போனால் போனதுதானே? அவர் விட்டிடுவார் என்ன?

— விடமாட்டார். நாளைக்கு விடியக் காலமை தன்ர வேலையாள் வீரகத்தியையும் அவன்ர தம்பியையும் குளத்திலை சுழியோடித் தேடச் சொல்லியிருக்கிறார். விழுந்த இடத்தைக் கேக்க இப்ப இஞ்சை வருவார்.

— அந்தத் தண்ணிக்குள்ளையோ? முதலை கிடக்கெல்லே! போன மாரிக்குத் துறையிலை தண்ணி குடிச்ச நாயை இழுத்தது.

— எனக்கும் அதுதான் பயம். இல்லாத ஆணியை எவ்வளவு நேரமெண்டு தேடுவாங்கள்?

— என்ன... இல்லாத ஆணியோ?

— ஒவ்வொரு நாளும் ஆணியைத் தட்டிப் பார்த்துத்தான் மிசினை எடுக்கிறனான். ராத்திரி எங்கட முற்றத்திலை நிண்ட மிசின், ஆர் தொடப் போகினம் எண்டு இண்டைக்கு விட்டிட்டன். கரையேறினாப் பிறகுதான் பெட்டியின்ர கொழுவியைப் பார்த்தனான். கையை நீட்டு.

— என்ன இது?

— கொழுவிக்குள்ளை இறுகிக் கிடந்த துண்டு. ஆரும் காண முன்னம் உருவி மடியிலை செருகினனான். பாலைமரம். என்ர கத்தி வெட்டுக் கிடக்கு, தடவிப் பார்... கறையான் திண்ட மாதிரித் தெரியேல்லை.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் தோளை நீட்டிக்கொண்டு இருந்தியளோ?

— எண்ணெய் தேய்க்கிறாளே, தேய்க்கட்டும் எண்டு இருந்தன்.

— ஒரு நாளைக்கெண்டுதான்... பின்னேரம் திருப்பிப் போடுவம் எண்டு... பள்ளத்துக்குப் பள்ளம் செத்துச் செத்து வந்தனான்.

— அப்பவே நிப்பாட்டச் சொல்லியிருக்கலாமே?

— எட்டுப் பொம்பிளையளுக்கு முன்னாலை உங்களிட்டைப் பேச்சு வாங்கவோ?

— செத்தாலும் பேச்சு வாங்கமாட்டாய்... அழாதை. கண்ணைத் துடை. இரும்பெண்டால் உங்களையும் இழுத்துக்கொண்டுதான் மிசின் போயிருக்கும். பாலையெண்டபடியால் முறிஞ்சுது. உனக்கு நான் பேசுறதோ கும்பிடுறதோ எண்டு எனக்கே தெரியேல்லை.

— ரெண்டும் வேண்டாம். மற்றக் கையைத் தாங்கோ.

— நில்... சைக்கிள் மணி. மனிசன் வந்திட்டார். நீ குசினிக்குள்ளை போ. மதகுப் பக்கம் ஆணி அள்ளுப்பட்டுப் போச்சுது, தேடிப் பிரயோசனமில்லை எண்டு சொல்லிப்போடுறன்.

— சொன்னால் மதகுக்குள்ளையும் இறக்குவார். மரத்தாணியோடை ஓடினனான் எண்டு நீங்கள் சொன்னால் நாளைக்கு மிசின் ஓட்டம் இல்லாமல் மண்வெட்டி தூக்கவேணும். தோள் நோகுது, அப்பிடியே இருங்கோ.

— மலர்... இஞ்சை பார், மலர்...

— வாங்கோ ஐயா, உப்பிடி வாங்கோ. இவருக்கு ஒண்டும் தெரியாது. உங்கட இரும்பு ஆணி உடையவுமில்லை, தண்ணிக்குள்ளை போகவுமில்லை. உங்கட நாத்துமேடையைத் திண்ட எங்கட சிவலையைக் கட்ட நான்தான் இருட்டோடை கழட்டினனான். கோடாலிப் பிடியைச் சீவிச் செருகினதும் நான்தான். வீரகத்தியைத் தண்ணிக்குள்ளை இறக்காதேங்கோ. நாம்பனை ஒருக்கால் பிடிச்சுக்கொள்ளுங்கோ, பிடுங்கித் தாறன்... உங்களுக்கு நாங்கள் ஒரு ஆணி தரக் கிடக்கு.