சாம்பல் பெட்டி கேட்ட ‘வாறன்’

இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. கிண்ணியாப் பாலம். இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர். நிப்றாஸ் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறான். முன்னால் ஒரு வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. நல்ல காற்று. சேறும் உப்பும் கலந்த மணம். கண் சொருகுகிறது…

பாலத்தில் ஏறியது அவனுக்கு நினைவிருக்கிறது. இறங்கியது நினைவில்லை.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் வேலைத்தலத்துக் கேற். காவலாளி கொட்டாவி விட்டபடி திறக்கிறார். நடுவில் சீனக்குடா வந்ததோ போனதோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அலுப்புத்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

இது போன மாதம் நடந்தது. கரண்ட் வர இன்னும் நேரம் கிடக்கிறது, கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். நிப்றாஸ் யார் என்று இந்த அப்ராஸைக் கேளுங்கள். இவனுடைய தங்கை ஸல்ஹாவின் மாப்பிள்ளை. அப்ராஸ் எதற்கும் சிரிக்கிற ஆள், இதற்குச் சிரிக்கமாட்டான், பாருங்கள்.

நிப்றாஸ் கம்பியூட்டர் வேலைக்காரன். அவன் ஏன் இரவு இரவாகப் போய் ஒரு றேடியோவுக்கு முன்னால் இருக்கிறான்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்களுக்குப் படகு விடுகிற கம்பனி அது. படகுகளோடு பேசுவதற்கு மேல்மாடியில் றேடியோ அறை. அங்கே பேசுகிற ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். யாரும் பேசாவிட்டால் பதிவு தானாக நின்றுவிடும். வருடக்கணக்கான பேச்சு, பழைய டிஸ்க்குகளில் கிடந்தது. அவை ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. மனேஜர் ஆனந்தராசா, சுழலுகிற சாமான் ஒன்றுமே உள்ளே இல்லாத புது ஃபிளாஷ் பெட்டி வாங்குவோம் என்றார். கொழும்பிலிருந்து இரண்டு கம்பனிகள் ஆளுக்கொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயின. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது நல்லது என்று கையெழுத்து வைக்கவேண்டியவன் நிப்றாஸ்.

ஒப்பிடுவது என்றால் லேசான வேலை இல்லை. பகலில் கந்தோர் ஓடும், தொட ஏலாது. ஆகவே இரவு. ஒரே சரக்கை இரண்டிலும் ஏற்று. எது கெதியாகத் திருப்பித் தருகிறது, பார். உள்ளே இருக்கிற ஃபிளாஷ் அட்டை ஒன்றை இழுத்து எடு, தாங்குகிறதா, பார். கரண்டைப் பிடுங்கு, மறுபடி கொடு, ஏதும் தொலைந்ததா, பார். அந்தக் குளிர் அறையில் மழைக் கோட்டைப் போர்த்திக்கொண்டு இருந்து இருந்து, அவனுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

இந்தப் பெட்டிகளிடம் ஒரு கெட்டித்தனம் உண்டு. ஒரே சங்கதி இரண்டாம் முறை வந்தால் மறுபடி வைக்காது. ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று ஒரு குறி மட்டும் போட்டுக்கொள்ளும். ஒரு கடிதத்தை ஊருக்கே அனுப்பினாலும் பெட்டிக்குள் கிடப்பது ஒரு கடிதம்தான். அப்படி மிச்சமாகும் இடத்தையும் நிப்றாஸ் ஒப்பிட்டான். ஆனால் குரலில் இது பலிக்காது. நீங்கள் ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். காதுக்கு ஒன்றுதான், பெட்டிக்கு வேறு. மூச்சு மாறியிருக்கும், பின்னால் இரைகிற காற்று மாறியிருக்கும். உயிரோடு இருக்கிறவன் ஒரு சொல்லை இரண்டு தரம் ஒரே மாதிரிச் சொல்லவேமாட்டான்.

றேடியோப் பதிவுகளில் மிச்சம் ஒன்றுமில்லை என்றது வெள்ளைப் பெட்டி. சாம்பல் பெட்டி, இருக்கிறது என்றது. ஏதோ ஒரு துண்டு, ஒவ்வொரு இரவும், அச்சுப் பிசகாமல் திரும்ப வருகிறதாம்.

சாம்பல் பெட்டிக்காரருக்குப் போனில் வாயெல்லாம் பல். “எங்கட பெட்டி சின்னச் சின்னத் துண்டா வெட்டிப் பாக்கும் சேர். மற்றது பெரிய துண்டாத்தான் பாக்கும், அதுக்குப் பிடிபடாது.”

நிப்றாஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. வேறு வேறான இரண்டை ஒன்று என்று பெட்டி பிழையாக நினைத்தால் ஒன்று அழிந்துபோகும். நாளைக்கு ஒரு விபத்து, வழக்கு என்று வந்தால் பழி இவன் தலையில். அந்தத் துண்டை வெளியே எடுத்து ஹெட்ஃபோனை மாட்டினான்.

இரைச்சல்… டீசல் எஞ்சின்… ஓர் ஆண் குரல்.

“மாகிரட்… வாறன்.”

அடுத்த இரவின் பதிவைப் போட்டான். அதே இரைச்சல். அதே குரல். அடுத்த வருடத்தைப் போட்டான். அதே. பெட்டி பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பெண் குரல், “கேக்குது” என்றது. அது மட்டும் இரவுக்கு இரவு மாறியது. ஒரு நாள் தடிமன் பிடித்த குரல். ஒரு நாள் கொட்டாவி. ஒரு நாள் அழுது முடித்த குரல். வருடம் போகப் போக அது கரகரத்துக்கொண்டே வந்தது. ஆண் குரலுக்கு மட்டும் வயது போகவில்லை.

அந்தப் பெண் குரலை அவனுக்குத் தெரியும். மேல்மாடியில் இரவு வேலை பார்க்கிற மாகிரட் அக்கா. இரவு வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். லீவும் எடுக்கமாட்டார். படியேறிப் போய்ச் சொன்னான்.

அவர் திடுக்கிடவில்லை. பிளாஸ்கிலிருந்து அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

“பெட்டிக்கும் கேட்டிட்டுதோ? எனக்கு மட்டும்தான் எண்டு இருந்தனான்.”

கூப்பிடுவது அவருடைய மனிசன் றொபேட். இதே கம்பனியில் படகோட்டி. ஒரு புயல் இரவில் துறைமுக வாசலில் வைத்து றேடியோவில் பேசியவர். பிறகு படகும் இல்லை, ஆளும் இல்லை.

“வாறன் எண்டார். நான் கேக்குது எண்டன். அவ்வளவுதான் கதைச்சது,” என்றார் மாகிரட் அக்கா. “நாங்கள் வீட்டுக்கு வரேக்கையும் வாறன் எண்டுதான் சொல்லுறது. வீட்டை விட்டுப் போகேக்கையும் வாறன் எண்டுதான் சொல்லுறது. அவர் எதைச் சொன்னவர்? இண்டு வரைக்கும் எனக்குத் தெரியாது தம்பி. அதால நான் வாங்கோ எண்டும் சொல்லுறேல்லை, போட்டு வாங்கோ எண்டும் சொல்லுறேல்லை. கேக்குது எண்டு மட்டும் சொல்லுவன். அதையும் சொல்லாட்டி, பாவம், விடியுமட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.”

பிளாஸ்கைத் திருகி மூடினார். “ஒரு இரவு வீட்டில கிடந்து நித்திரை கொள்ளோணும். எனக்கு வேற ஆசை இல்லை.”

நிப்றாஸ் படியிறங்கிப் போனான். சாம்பல் பெட்டியே நல்லது என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். ஏன் என்று எழுதவில்லை.

பிறகு ஒரு நாள் மாகிரட் அக்காவுக்குக் கடுங்காய்ச்சல். போன் எடுத்தார். “தம்பி, இண்டைக்கு மட்டும் நீங்கள் இருப்பீங்களோ? கேக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

ஒரு சொல்தானே. ஓம் என்றான்.

அன்று இரவு றேடியோ அறையில் அவன் மட்டும். வெளியே காற்று இல்லை. படகுகள் கட்டுகிற இறங்குதுறையில் ஒரே ஒரு லைட். எத்தனை இரவு தூங்காத உடம்பு… தலை மேசையில் சாய்ந்துவிட்டது. அப்போது இரைச்சல். எஞ்சின்.

“மாகிரட்… வாறன்.”

நம்மிடம் யாராவது ‘வாறன்’ என்றால் நம் வாய் என்ன சொல்லும்? யோசித்தா சொல்கிறோம்? அரைத் தூக்கத்தில், பழக்கத்தில், மரியாதையாக, அவன் வாய் சொல்லிவிட்டது.

“ஓம், வாங்க.”

இரைச்சல் நின்றது. பட்டென்று. எஞ்சின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் அது இப்போது றேடியோவில் இல்லை… ஜன்னலுக்குக் கீழே கேட்டது. டீசல் மணம். நனைந்த கயிற்று மணம். பிறகு டயர் உரசும் சத்தம். படகு இடிபடாமல் இருக்க இறங்குதுறையில் பழைய டயர்கள் கட்டியிருப்பார்கள் அல்லவா, அந்தச் சத்தம்.

எழுந்து பார்த்தான். படகு இல்லை. ஆனால் ஒரு டயர் நசுங்கி இருந்தது, படகொன்று சாய்ந்து நிற்கிற மாதிரி. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே அது மெல்ல மெல்லப் பழைய வட்டத்துக்கு வந்தது. மாடிப் படியில் யாரும் ஏறவில்லை. வந்தது இவனிடம் வரவில்லை.

விடிந்ததும் மாகிரட் அக்காவுக்குப் போன் எடுத்தான். உடனே எடுத்தார்.

“அக்கா, நான் பிழையாச் சொல்லிட்டன்.”

“தெரியும் தம்பி. வந்திட்டார். குசினி அடுப்படியில நிக்கிறார்.” குரலில் ஒரு துளி அலுப்பு இல்லை. பின்னால் றேடியோ மாதிரி ஓர் இரைச்சல். “நான் கொஞ்சம் படுக்கப்போறன். அப்ப… வாறன் தம்பி.”

நிப்றாஸ் வாயைத் திறந்தான், மூடினான். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று காலை மாகிரட் அக்காவைக் கட்டிலில் கண்டார்கள். நித்திரை கொள்கிற முகம். காய்ச்சல் என்றார் டொக்டர். செத்த வீட்டில் அக்காவின் தங்கை நிரோஷினி நிப்றாஸிடம் சொன்னாள், “அக்கான்ர போன் இரவு முழுக்க என்ர தலைமாட்டில கிடந்தது. விடியவும் அடிக்கேல்லையே.”

புதிதாக வந்த றேடியோக்காரர் இரண்டு இரவுதான் இருந்தார். ஒரு பொம்பிளை விடியுமட்டும் “தம்பி… வாறன், தம்பி… வாறன்” என்று யாரையோ கூப்பிடுகிறா, தன்னால் ஏலாது என்று போய்விட்டார். தம்பி யார் என்று நிப்றாஸுக்குத் தெரியும். இரவு வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு இரவும் மாகிரட் அக்கா வாறன் என்பார். இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேக்குது என்பான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதும் ‘வாறன்’ சொல்வதை விட்டுவிட்டான். ஸல்ஹா முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள்.

போன கிழமை அவன் சாம்பல் பெட்டியின் மாதக் கணக்கைப் பார்த்தான். றேடியோப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிற துண்டுகள் இரண்டு என்றது பெட்டி. ஒன்று மாகிரட் அக்கா. அது அவன் எதிர்பார்த்ததுதான்.

மற்றதற்கு ஹெட்ஃபோனை மாட்டினான். தொண்டையைச் செருமுகிற சத்தம்… பிறகு, “கேக்குது.”

அவனுடைய குரல்.

பல இரவுகள் தள்ளிப் போட்டுப் பார்த்தான். அதே செருமல். அதே மூச்சு. எந்த இரவிலிருந்து என்று தேடினான். அதற்கு முந்திய இரவுகளில் ஒவ்வொரு ‘கேக்குது’வும் வேறு வேறாக இருந்தது. பாலத்தில் ஏறியது நினைவிருந்து, இறங்கியது நினைவில்லாத அந்த இரவிலிருந்து… எல்லாம் ஒன்று.

அப்ராஸுக்குப் போன் எடுத்துச் சொன்னான். பயந்த மாதிரி இல்லை, களைத்த மாதிரிச் சொன்னான். “மச்சான், நான் நல்லா அலுத்துப்போயிட்டன் போல.”

அப்ராஸ் அடுத்த நாளே கிண்ணியாவுக்குப் போனான். தங்கையிடம் ஒன்றையும் சொல்லவில்லை. மச்சான் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டான்.

“நல்லாத்தான் இரிக்கிறார் நானா,” என்றாள் ஸல்ஹா. “சுபஹுத் தொழுகைக்குப் பொறகு வாறார், படுக்கிறார். கதைதான் கொறஞ்சுபோச்சு. ஒவ்வொரு நாளும் வாசல்ல நிண்டு ஒரே கதைதான். ‘ஸல்ஹா, பாலத்தில நல்ல காத்து.’ ஒரு சொல்லுக் கூடாது, ஒரு சொல்லுக் கொறையாது.”

அப்ராஸ் கேட்டான், “அதுக்கு நீ என்ன சொல்ற?”

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“வேற என்னத்தச் சொல்ற? வாங்க எண்டுதான்.”