படம் தானாகத் திரும்பாது

மானிட்டரைத் திருப்பினால் உள்ளே இருக்கும் படமும் கூடவே திரும்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திரும்பாது. படுக்கைவாட்டில் இருக்கும் திரையைப் பிடித்து நிமிர்த்தி வைத்தால், பக்கம் மட்டும் உள்ளே படுத்துக் கிடக்கும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியை ஒருமுறை தட்ட வேண்டும். திரை கண நேரம் இருட்டும், பிறகு படம் எழுந்து நிற்கும். இந்தச் சுழலும் மானிட்டர்கள் நம் அலுவலகத்துக்கு வந்த அன்று கணினிக்காரர் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் தாளில் குறித்துக்கொண்டேன். என் தங்கை அன்று விடுப்பில் இருந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு, பதற்றப்படாமல் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை மேடம். நீங்கள் மேலாளர், உங்களுக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். சுருக்கமாகவே சொல்கிறேன்.

அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் நான்தான். பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையில் நான் சேர்ந்த பத்தாவது வருடம், பக்கம் அமைக்கும் வேலையில் அவளையும் சேர்த்துவிட்டேன். ஒரே பேருந்து, ஒரே சாப்பாட்டுப் பை. எங்களுக்குள் வாக்குவாதம் வந்ததே கிடையாது. வந்திருந்தால் அவள் பேசியிருப்பாள், நான் கேட்டிருக்க மாட்டேன்.

போன வருடம் அவளுக்குத் தலைச்சுற்றல் வந்தது. அது நிஜமான தலைச்சுற்றல். வலது காதின் உள்ளே நீர் கூடுகிறது என்றார் காது டாக்டர். வந்தால் அறை முழுக்கச் சுழலும், வாந்தி எடுப்பாள். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். சுற்றல் வந்தால் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், பத்துவரை எண்ணிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அவள் எப்போதும் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அந்த நான்கு மாதமும் நான் அவளைக் குளிக்கவைத்தேன், தலை வாரினேன், படியில் ஒவ்வொரு அடியாக இறக்கினேன். அவளுக்காக நானும் உப்பில்லாமல் சாப்பிட்டேன். வெளியில் சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஆனால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நான்கு மாதம்தான்.

பிறகு குணமாகிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசைக்கு உப்பு டப்பா திரும்பி வந்தது. அடுத்த வாரம் அவள் கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடி இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. விழவில்லை. ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அந்த மாதக் கடைசியில் பேருந்தில் வரும்போது சொன்னாள்.

"அக்கா, கிளை ஆபீஸ்ல பொறுப்பாளர் வேலை காலியா இருக்காம். நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"எப்போ குடுத்த?"

"போன வாரம்."

"அவ்வளவு தூரம் உன்கூட யாரு வருவா?"

"யாரு வரணும்? நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று சிரித்தாள். "நீயும் கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்ல."

என்மேல் இருக்கும் அக்கறையில் சொன்னாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த அக்காவுக்கும் வருகிற கவலை எனக்கும் வந்தது. போன இடத்தில் மறுபடியும் சுற்றல் வந்தால் யார் பார்ப்பார்கள்? வருவதாக இருந்தால் இங்கேயே, என் கண்முன்னால் வந்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

அலுவலகத்தின் பழைய சாமான் அலமாரியில் கம்பியில்லாத சின்ன விசைப்பலகை ஒன்று சும்மா கிடந்தது. அது அனுப்பும் சைகையைக் கணினிக்கு வாங்கிக் கொடுக்க ஒரு ஏற்பி உண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான். அதை அவள் கணினியின் பின்னால் செருகினேன். விசைப்பலகையை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். என் இருக்கை அவளுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில். அவள் எதைப் பார்க்கிறாள், கை எங்கே இருக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். அவள் கை மடியில் இருக்கும்போது மட்டும்தான் அந்த மூன்று விசைகளையும் அழுத்துவேன். அவளுடைய மானிட்டரை முதலிலேயே நிமிர்த்தி, படத்தையும் நானே திருப்பிவைத்திருந்தேன். அதனால் படத்தைத் திருப்பும் விசை ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய சிரமத்தை நான் கொடுக்கவில்லை.

முதல் தடவை அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் ஐந்து எண்ணுவதற்குள் நான் படத்தைப் பழையபடி நிறுத்திவிட்டேன். கண்ணைத் திறந்தபோது பக்கம் ஒழுங்காக இருந்தது.

"அக்கா, மறுபடியும் வந்துடுச்சு," என்றாள். "கண்ணு ஒரு நொடி இருட்டிட்டு வந்துச்சு, அப்புறம் எழுத்தெல்லாம் அப்படியே சாஞ்சு படுத்துக்கிச்சு."

அந்த இருட்டு நான் எதிர்பார்க்காதது. படம் திரும்பும்போது திரை இருட்டுவதை அவள் தன் கண் இருட்டியதாக எடுத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய்க் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை வேறொருவர் பார்த்தார். நம் ஓவியர் நெட்டையார்தான். அட்டைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனவர், "என்னம்மா, உன் பக்கம் படுத்துத் தூங்குது?" என்றார். அவள் கண்ணைத் திறந்தாள், திரை நேராக இருந்தது. நெட்டையார் அசடு வழிய நின்றார். அடுத்த வாரம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார். புதுக் கண்ணாடி அவருக்கு எடுப்பாகவே இருக்கிறது.

டாக்டர் பரிசோதனைகள் செய்து பார்த்தார். "டெஸ்ட்ல பெருசா ஒண்ணும் தெரியலை," என்றார். "ஆனா இந்த வியாதி சில பேருக்கு அப்படித்தான். எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னு குறிச்சுட்டு வாங்க."

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தேதி, மணி, எத்தனை நொடி என்று மூன்று பத்தி. அடுத்த தடவை டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு துல்லியமாக எழுதிக்கொண்டு வருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்றார். மெய்ப்புப் பார்க்கிற கை அல்லவா, எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் எங்காவது சுற்றல் வந்து விழுந்தாளா என்று கேட்டார். இரண்டு தடவை விழுந்தாள் என்றேன். தங்கை என்னைப் பார்த்தாள். "உனக்கு ஞாபகம் இருக்காது" என்று சொன்னதும் தலை குனிந்துகொண்டாள். தன் ஞாபகத்தைவிட என் ஞாபகத்தை நம்புவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கிளைத் தலைவர் அவள் வேலையை நேரில் பார்க்க வந்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். நீங்கள்தான் அவர் பக்கத்தில் நின்றீர்கள். அவள் ஒரு பக்கத்தை அமைத்துக் காட்ட வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் திரையைப் பார்த்தாள். நான்கு நொடி. தண்ணீர்க் குவளை கவிழ்ந்து அவருடைய சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கிளைத் தலைவர் நல்ல மனிதர். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை வேறொருவருக்குப் போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம், "பரவாயில்லக்கா, உடம்பை நல்லாக்கிக்கிட்டு அடுத்த வருஷம் போறேன்" என்றாள். பிடிவாதக்காரி. அம்மா ஜாடை.

மாத்திரை கேட்கவில்லை, ஊசி கேட்கவில்லை. கேட்காதுதானே. கடைசியில் டாக்டர் அறுவை சிகிச்சை பற்றிச் சொன்னார். வலது காதின் உள்பகுதியை எடுத்துவிட்டால் சுற்றல் நிற்கும், ஆனால் அந்தக் காது அதற்குப் பிறகு கேட்காது, திரும்பவும் வராது என்றார். அதுவரை அந்தக் காது நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ என்ன சொல்ற?"

நானும் அவசரப்படவில்லை, நன்றாக யோசித்தேன். சுற்றலில் எங்காவது விழுந்து உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது? ஒரு காது போனால் இன்னொரு காது இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

"செஞ்சுக்கலாம்," என்றேன். சம்மதத் தாளில் பொறுப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் விசைப்பலகையைத் தொடவில்லை. தேவைப்படவில்லை. காதின் உள்பகுதியை எடுத்தால் உடம்பு மறுபடியும் நிற்கவும் நடக்கவும் பழக வேண்டுமாம். இப்போது நிஜமாகவே வலப்பக்கம் சாய்கிறாள். குளிக்கவைக்கிறேன், தலை வாருகிறேன். மேசையில் உப்பு டப்பா இல்லை.

அவள் விடுப்பில் இருப்பதால் அந்தக் கணினியை வேறொருவருக்குக் கொடுக்கக் கழற்றிய கணினிக்காரர், பின்னால் இருந்த ஏற்பியைக் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். என் இழுப்பறையை உடைத்திருக்க வேண்டாம். கேட்டிருந்தால் நானே சாவியைக் கொடுத்திருப்பேன்.

நோட்டைப் பற்றியும் கேட்டீர்கள். அவளுடைய மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தோடு நானே நகலெடுத்து இணைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு நான்கு நொடி என்று இருக்கிறது, ஆனால் அன்று பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை கட்டடத்திலேயே மின்சாரம் இல்லை, எல்லாக் கணினியும் அணைந்துகிடந்தது என்கிறீர்கள். உண்மைதான். அன்று வேலை அதிகமாக இருக்கும் என்று காலையிலேயே எழுதிவைத்துவிட்டேன். மின்சாரம் போன பிறகு அடித்துத் திருத்த மனம் வரவில்லை. நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் எனக்குப் பிடிக்காது. மற்ற நாற்பதும் சரியாக இருக்கும், நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"அவளிடம் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு வந்து சொல்வேன்" என்கிறீர்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் மேடம். நான் அவளிடம் எதையும் மறைத்து வாழ்கிறவள் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தினமும் சாயங்காலம் அவளைத் தெருமுனைவரை நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் வலப்பக்கம் சாய்வதால் நான் வலப்பக்கமாகத்தான் நடப்பேன். அப்படி நடந்துகொண்டே முந்தாநாள் சொன்னேன். சாமான் அலமாரியிலிருந்து தொடங்கி, ஏற்பி, இழுப்பறை, கிளைத் தலைவர் வந்த நாள், டாக்டரிடம் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அந்தத் தெருவில் பேருந்து இரைச்சல் அதிகம். எனக்குச் சத்தம்போட்டுப் பேசி வழக்கமில்லை. நடுவில் ஒருமுறை நின்று, இடது காதை என் பக்கம் திருப்பி, "என்னக்கா, ஏதாவது சொன்னியா?" என்றாள்.

"படி வருது, பாத்து வைன்னேன்," என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். மீதியையும் சொல்லி முடித்தேன். வீட்டு வாசல் வரும்வரை அவள் என் கையை விடவே இல்லை. கோபம் இருந்திருந்தால் விட்டிருப்பாள்.