பத்தாவது பிளேடு

— வெளிய போர்டு பாத்துத்தானே வந்தே? மரத்துல எழுத்து அறுக்கற ஸ்க்ரோல் சா மிஷின் ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்னு தெளிவா எழுதியிருக்கேன். முதல்ல அறுத்துக் காட்டுப்பா, கேள்வியெல்லாம் அப்புறம்.

— அறுக்கறேன்க்கா. முன்னாடி இதுல யாரு இருந்தாங்க?

— உஷான்னு ஒருத்தி. எட்டு மாசம் நல்லாத்தான் அறுத்தா. ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டே நாள்ல ஒன்பது பிளேடு ஒடச்சுட்டா. கை முரடாயிடுச்சு, புத்தி வேற எங்கயோ. போம்மான்னு அனுப்பிட்டேன்.

— வேற எங்கயாச்சும் சேந்தாங்களா?

— எப்படிச் சேருவா? அல்சூர்ல மரத்துல நேம் போர்டு செய்யறவங்களே நாலு பேரு. நாலு பேருக்கும் போன் போட்டு, அவளைச் சேக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். கையைக் கட்டிட்டு சும்னே நிக்கறியே, ஸ்விட்சைப் போடு.

— போட்டாச்சு. நிறுத்திட்டேன். பாருங்க, மேல இருக்கற கிளாம்புலருந்து பிளேடு நழுவுது.

— நீ டைட்டா வைக்கல.

— வெச்சேனே! விரலால தட்டினப்ப டிங்குன்னுச்சு, நீங்களும் கேட்டீங்க. இப்ப தொளதொளன்னு இருக்கு. இப்படியே அறுத்தா வளையும், எழுத்தோட சுழியில திருப்பறப்ப பட்டுனு போயிடும்.

— மிஷினே போச்சுங்கறியா?

— இல்லக்கா. இந்தச் சந்தனம், குங்குமம்...

— அதுல கை வைக்காதே! எண்ணெய் போட்டுத் துடைச்சு, பூஜைக்கு நானே என் கையால வெச்சது. உஷாவும் இப்படித்தான், தொடைக்கட்டுமான்னு வந்து நின்னா. அடுத்த பூஜை வரைக்கும் அது இருக்கணும், போடின்னு கத்தினேன்.

— வெளிய இருக்கற பொட்டு அப்படியே இருக்கட்டும். பிளேடைக் கவ்வுற எடம் மட்டும் பாக்கறேன். டார்ச்சை ஸ்வல்ப இப்படிப் பிடிங்க.

— இன்னாப்பா அது, மஞ்சளா?

— சந்தனந்தான். எண்ணெயோட சேந்து உள்ள வழிஞ்சிருக்கு. இதுல பிளேடு எங்க நிக்கும்? தின்னர் இருக்கா?

— இந்தா. துணி வேணுமா?

— குடுங்க. புது பிளேடுலயும் துரு பிடிக்காம இருக்க எண்ணெய் பூசித்தான் வரும். ரெண்டு முனையையும் உப்புத்தாள்ல ஒரு தேய் தேய்ச்சுட்டு மாட்டணும். அவ்வளவுதான். இப்ப அறுக்கறேன் பாருங்க. பலகையை அழுத்தித் தள்ளல, பிளேடு போற வேகத்துக்கே விடறேன்.

— அடேயப்பா! ‘கோதண்டராமன்’ முழுசும் ஒரே பிளேடுலயா?

— இன்னும் ரெண்டு போர்டுக்குத் தாங்கும்.

— அப்போ அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையா? ச்சே... எல்லார் முன்னாடியும் வெச்சுத் திட்டினேன்பா. அழுதுட்டே படி எறங்கிப் போனா.

— அவங்களைத் திரும்பக் கூப்பிடலாமேக்கா.

— எனக்கே அசிங்கமா இருக்கு. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுட்டு அவளைக் கூப்பிடறது? ஆனது ஆச்சு. உன் கை சுத்தமா இருக்கு, திங்கக்கெழமை வந்துடு. பேரு இன்னா?

— கிஷோர். எனக்கு வேலை வேணாம்க்கா, சந்தாபுராவுல ஃபர்னிச்சர் கம்பெனில இருக்கேன். இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்தேன். நான் உஷாவோட வீட்டுக்காரன்.