ராஜி அக்காவுக்கு வந்த எச்சரிக்கைகள்

"ஏ புள்ள, இந்த வைரஸ் மனுசங்க கையில ஒட்டிக்கிடுமா?" என்று ராஜி அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள். மௌஸைத் தொட்ட விரலைச் சுடிதார் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஒட்டாது என்று சொன்னேன். அன்றைக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன் என்பதை முதலில் எழுதி வைக்கிறேன்.

அது 2004ஆம் வருஷம். மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பாஸ்கரன் சார் வைத்திருந்த பிரௌசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கண்ணாடிக் கதவு. ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டீச்சர் பெயர் கூப்பிடும்போது எனக்குக் குரல் வராது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே வராதவள் என்று குறித்துக்கொள்வார்கள். பல நாள் அப்படி ஆன பிறகு, போகாமலே இருப்பது சுலபமாக இருந்தது. பேச வராததை நோட்டில் எழுதுவேன். இது எட்டாவது நோட்டு.

எங்கள் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கம்பெனி ஆட்கள். மெயில் பெட்டியை நான்தான் திறந்து கொடுப்பேன், பாஸ்வேர்டும் நான்தான் வைப்பேன். அவர்கள் மறந்துவிடுவார்கள் என்பதால் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் எழுதி வைப்பது வழக்கம். யாராவது கேட்டால், "அது வினோதாகிட்ட இருக்கும்" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ராஜி அக்காவின் முழுப் பெயர் ராஜலட்சுமி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இங்கே ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் வேலை, தங்கியது லேடீஸ் ஹாஸ்டலில். அம்மா கிடையாது. ஊரில் அப்பா மட்டும். அண்ணன் சுபாஷ் மஸ்கட்டில் ஸ்டோர் வேலை பார்த்தார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து மெயில் போடுவார். அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருவாள். நான் படித்துக் காட்டுவேன், அவள் சொல்வதை டைப் செய்து அனுப்புவேன். என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம்தான் எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தன. "நீங்கள் அனுப்பிய கடிதத்தில் வைரஸ் இருந்தது. அது நீக்கப்பட்டது." பெயர் தெரியாத கம்பெனிகளிலிருந்து, வாரத்துக்கு இருபது, முப்பது. அக்கா பயந்துவிட்டாள்.

"நான் யாருக்கும் ஒண்ணும் அனுப்பலையே புள்ள. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையவிட்டு எடுத்துருவாகளோ?"

பாஸ்கரன் சாரிடம் கேட்டேன். "எவன் கம்ப்யூட்டர்லயோ வைரஸ் பூந்துக்கும். அது அங்க இருக்கிற அட்ரஸ்ல ஒண்ண எடுத்து, இவங்க அனுப்புன மாதிரி போட்டுடும். காவலுக்கு வச்ச சாஃப்ட்வேருக்கு அதெல்லாம் எங்க தெரியும்? பேரைப் பார்த்து லெட்டர் போட்டுடும். மிஷின் கத்துறது அது. பார்த்தியா, அழிச்சியா, வேலையப் பார்த்தியான்னு இரு" என்றார்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் தாமதமாக, ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அதுவரை ஒவ்வொரு எச்சரிக்கையையும் நிதானமாகப் படித்துக் காட்டினேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். முப்பது எச்சரிக்கை என்றால் முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு, நாம் அனுப்பியவை சேரும் 'சென்ட்' பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொடுத்தேன். "இங்க பாருங்கக்கா, உங்க அண்ணனுக்கு எழுதினது மட்டும்தான் இருக்கு. நீங்க அனுப்பியிருந்தா இங்க இருக்கும்." அவள் அதற்குச் சத்தியப் பெட்டி என்று பெயர் வைத்தாள். "சத்தியப் பெட்டியத் தொற புள்ள" என்று சிரிப்பாள். நம்பிக்கை வந்த பிறகு அதைத் திறக்கச் சொல்வதை விட்டுவிட்டாள். அதனால் அவள் வருவதும் நின்றுவிடுமோ என்று நினைத்தேன். வந்தாள்.

வார நாட்களில் அவளுடைய பெட்டியை நான் திறந்து சுத்தம் செய்வேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எச்சரிக்கைகளுக்கு நடுவே சுபாஷ் அண்ணனின் மெயில் இருந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ராஜி ராஜி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஹாஸ்டலுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, உடனே கிளம்பு. கடைசியில், "வேலையை விட்டுவிட்டு வா, இனி அப்பாவோடு ஆள் இருக்க வேண்டும்" என்று இருந்தது.

அவளுடைய ஹாஸ்டல் எங்கள் சென்டரிலிருந்து பத்து நிமிஷ நடை. ஆனால் அங்கே வாட்ச்மேனிடம் பேச வேண்டும். எனக்குப் பேச வராது. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறாள் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை இரண்டாவது மெயில் வந்தது. இப்படி எழுதிக்கொண்டே இருந்தால் சுபாஷ் அண்ணன் மனசும் கஷ்டப்படும் என்று தோன்றியது. அதனால் எச்சரிக்கைகளில் ஒன்றைத் திறந்து, அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் டைப் செய்தேன். நீங்கள் அனுப்பிய கடிதத்தில் வைரஸ் இருந்தது. அது நீக்கப்பட்டது. இனி இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அதை ராஜி அக்காவின் பெட்டியிலிருந்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். பிறகு அவருடைய இரண்டு மெயிலையும் நீக்கினேன். ஆகவே, நீக்கப்பட்டது என்று நான் எழுதியதில் பொய் இல்லை.

மறுநாள் அவர் சுருக்கமாக எழுதியிருந்தார். ஸ்டோர் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று சூப்பர்வைசர் திட்டினாராம், இனி மெயில் போட முடியாதாம், தபால் போடுகிறாராம். அதையும் நீக்கினேன்.

மஸ்கட் தபால் வர பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும். நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

முதல் ஞாயிறு அவள் முட்டை பஃப்ஸ் வாங்கி வந்தாள். "அண்ணன் ஒண்ணும் போடலையா?" என்றாள். "இல்லக்கா, வெறும் வார்னிங்தான்." அண்ணனுக்கு அவள் சொன்ன கடிதத்தை முழுக்க டைப் செய்தேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. இரண்டாவது ஞாயிறு என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டாள். "அண்ணன் மறந்துட்டான் போல. ஊர்லருந்தும் ஒரு சேதி இல்ல. எனக்கு இங்க நீதான் புள்ள இருக்க" என்றாள். அன்றைக்கு அதை மட்டுமே ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். நோட்டைப் பார்த்தால் தெரியும்.

அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் நடுவில், புதன்கிழமை, அவளுடைய அப்பா இறந்துபோயிருந்தார். எனக்கு அது தெரியாது. யார் கேட்டாலும் இதை நான் சொல்வேன்.

அடுத்த புதன்கிழமை காலையில் அவள் கம்பெனி யூனிஃபார்ம் சுடிதாரோடு வந்தாள். கையில் மஸ்கட் தபால். அண்ணன் தமிழில் எழுதியிருந்ததால் அவளே படித்திருக்கிறாள். ஊரில் பக்கத்துக் கடைக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து, எல்லாம் முடிந்துவிட்டதையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களே கொண்டுபோய் எரித்திருக்கிறார்கள். கண் வீங்கியிருந்தது.

"ரெண்டு மெயில் போட்டேன்னு எழுதிருக்கான். 'வைரஸ்னு நீ திருப்பி அனுப்பிட்டியே'ன்னு கேக்கான். நான் எங்க அனுப்புனேன்?"

பெட்டியைத் திறந்து கொடுத்தேன். "மிஷின் தானா நீக்கியிருக்கும்கா" என்றேன்.

அவள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மௌஸைப் பிடித்து, நான் கற்றுக்கொடுத்தபடியே 'சென்ட்' பெட்டியைத் திறந்தாள்.

அதை நான் அழித்திருக்கலாம். அழிக்க மனம் வரவில்லை. அது நான் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம்.

அவளால் படிக்க முடியாது. ஆனால் வாராவாரம் முப்பது பார்த்தவளுக்கு ஓர் எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று தெரியும். இதுவரை எல்லாம் உள்ளே வந்தவை. இது ஒன்றுதான் வெளியே போனது. அண்ணனின் முகவரி எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். திரையைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த என் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வைரஸ் தானாவே அனுப்பும்கா" என்றேன். எனக்குக் குரல் நன்றாகவே வந்தது.

அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள், தபாலை நான்காக மடித்துப் பையில் வைத்தாள், போனாள். கண்ணாடிக் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். என்மேல் கோபம் இருந்திருந்தால் அறைந்து சாத்தியிருப்பாள்.