ஸ்பீக்கரில் வந்த பாயிண்ட்

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், ஸ்பீக்கரில் போட்ட போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஹார்பர்ல எங்கன கட்டிக் கெடக்குன்னு பாத்தா நம்ம போட்டத் தேடுவிய? அதுல எழுதியிருக்க நம்பரப் பாத்துத்தான?"

"ஏளா, நான் கம்ப்யூட்டர் முழுசா ஆன் ஆவாம கறுப்புத் திரையில எழுத்தக் காட்டிட்டு நிக்கிங்கேன், நீ போட்டப் பத்திப் பேசுத" என்றார் அந்தப் பக்கம் இருந்த அவள் அண்ணன்.

"அதத்தாண்ணே சொல்லுதேன். நேத்து புதுசா ஒரு டிஸ்க் மாட்டுனியள்லா, பழைய டிஸ்க் எடம் மாறிட்டு. கம்ப்யூட்டர ஓட்டுத லினக்ஸ் பழைய எடத்துலயே போய்த் தேடிக்கிட்டு நிக்கி."

"பேசாம ஃபார்மட் அடிச்சிரட்டா?"

"ஐயோ மாதாவே! கடல்ல நமக்கு மட்டும் தெரிஞ்ச மீன் எடம், ஜிபிஎஸ் பாயிண்டு பூரா அதுலதான கெடக்கு!"

பிறகு அவள் குரலில் பதற்றமே இல்லை. எந்த டிஸ்க்கை எங்கே தேட வேண்டும் என்று எழுதியிருக்கும் ஃபைலைத் திறக்கச் சொன்னாள். இடத்தின் பெயரை அழித்துவிட்டு டிஸ்க்கின் சொந்த நம்பரை ஒவ்வோர் எழுத்தாக அடிக்க வைத்தாள். எல்லாம் திரையைப் பார்க்காமலே. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க."

போனுக்குள் கம்ப்யூட்டர் ஒரு தடவை 'பீப்' என்றது.

"வந்துட்டுளா! எல்லாம் இருக்கு! இந்தா, மொத பாயிண்டு, எட்டு டிகிரி முப்பத்தி..."

"அண்ணே, ஸ்பீக்கர்ல இருக்கிய!" போனை மடியில் கவிழ்த்து அமுக்கினாள்.

எதிர் சீட்டில் மீன்வலைப் பையை அணைத்தபடி அதுவரை தூங்கிக்கொண்டு வந்தவர் கண்ணைத் திறந்தார்.

"முப்பத்தி எத்தனம்மா?"